கேளுங்கள், ரீச்சர் பதில் தருகிறா: முத்தையன்கட்டு ‘லேக்’கா, ‘டாங்க்’கா?

கேள்வி: ரீச்சர், ஆங்கிலக் கட்டுரையில் ‘முத்தையன்கட்டு லேக்’ என்று எழுதினேன். எங்கள் மிஸ் ‘லேக்’கை வெட்டி ‘டாங்க்’ என்று திருத்திவிட்டா. டாங்க் என்றால் கூரைக்குப் பக்கத்தில் உயரத்தில் வைக்கும் கறுப்புத் தாங்கி அல்லவா? அகராதியில் யுத்த வண்டி என்றும் போட்டிருக்கிறது. குளத்தை எப்படி டாங்க் என்று சொல்வது?
— சாதாரண தர மாணவி, ஒட்டுசுட்டான்

பிள்ளை, உமது மிஸ் திருத்தியது சரி. உமக்கு வந்ததும் வரவேண்டிய சந்தேகம்தான். நான் கிளிநொச்சிப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தேன். ஏதாவது ஒரு வகுப்பில் இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை.

லேக் என்றால் பொதுவாகத் தானாக அமைந்த ஏரி. ஆற்றை மறித்துக் கட்டுப் போட்டு, துருசு (மதகு) வைத்து வயலுக்குத் தண்ணீர் விடும் குளத்தை இலங்கை ஆங்கிலத்தில் டாங்க் என்றுதான் எழுதுவார்கள். இரணைமடு கனகராயன் ஆற்றை மறித்தது, வவுனிக்குளம் பாலி ஆற்றை மறித்தது. முத்தையன்கட்டும் அப்படிப்பட்டதே.

நீர் நினைப்பது போல, கறுப்புத் தாங்கியின் பெயரை யாரும் குளத்துக்குக் கொண்டுவந்து வைக்கவில்லை. நடந்தது மறுபக்கம். குஜராத்திலும் மராத்தி பேசும் இடங்களிலும் மழைநீரைச் சேர்க்கிற தொட்டிக்கு ‘டாங்கி’, ‘டாங்கு’ என்று பெயர். போர்த்துக்கேய மொழியிலும் குளத்துக்கு ஏறக்குறைய இதே ஒலியில் ஒரு சொல் இருக்கிறது. எது மூலம் என்பதில் அகராதி செய்தவர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். ஆனால் 1600களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இந்தச் சொல்லை எழுதத் தொடங்கியது இந்தியாவின் குளங்களைப் பற்றி எழுதும்போதுதான். தண்ணீர் ஊற்றி வைக்கும் பெட்டி, தொட்டி என்ற பொருள் அதன் பிறகு வந்தது. ஆகவே குளம்தான் மூத்த பொருள், கூரைத் தாங்கி இளையது.

யுத்த வண்டிக்கு இந்தப் பெயர் வந்த கதையும் தண்ணீரில்தான் தொடங்குகிறது. முதலாம் உலக யுத்தத்தின்போது, 1915இல், இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் அந்த வண்டியை இரகசியமாகச் செய்தார்கள். பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு, மெசப்பொத்தேமியாவில் இருக்கும் படைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று சொல்லப்பட்டது. மறைபெயராக ‘சிஸ்டேர்ன்’, ‘ரிசர்வொயர்’ போன்ற சொற்களையும் யோசித்துப் பார்த்துவிட்டு, வாயில் சட்டென்று வரும் டாங்க் என்ற சொல்லை எடுத்தார்கள். 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்ஸில் சொம் போர்முனையில் அந்த வண்டிகள் முதன்முதலாக இறங்கின. இரகசியம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

யுத்தம் முடிந்து மீளக்குடியமர்ந்த புதிதில், 2010இல், தகரக் கொட்டகைக்குள் ஏழாம் வகுப்பு எடுத்தேன். கரும்பலகையில் டாங்க் என்று எழுதிவிட்டு, இதைக் கீறிக் காட்டுங்கள் என்றேன். முக்கால்வாசிப் பிள்ளைகள் சங்கிலிச் சில்லும் நீண்ட குழலுமாக யுத்த ராங்கியைத்தான் கீறினார்கள். பார்த்த ராங்கி, சில்லின் பல்லுக்கூட விடாமல் கீறியிருந்தார்கள். பின்வாங்கில் இருந்த ஒரு பெடியன் மட்டும் குளக்கட்டு, மருதமரம், மரத்தில் ஒரு நீர்க்காகம் என்று கீறிக் கொண்டுவந்தான். எல்லாருக்கும் சரி போட்டேன். அடுத்த நாள் அந்த வகுப்பை அப்படியே குளக்கட்டுக்கு நடத்திக்கொண்டு போய், தண்ணீரைக் காட்டி அதே சொல்லை உரக்கச் சொல்லச் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு அவர்கள் மனதில் முதலில் தண்ணீர் வரவேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்பட்டேன். இப்போதும் ஆசைப்படுகிறேன்.

தமிழில் நமக்கு இந்தக் குழப்பமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது. வயலுக்கு நீர் தருவது குளம், கோயிலில் இருப்பது தீர்த்தக்கேணி, கூரையில் இருப்பது தாங்கி, மீன் வளர்ப்பது தொட்டி. தாங்கி என்பது எனக்குப் பிடித்த சொல். சுமைதாங்கி என்கிறோமே, அதே தாங்கிதான். ஒலி ஆங்கிலத்துக்குக் கிட்ட நிற்கிறது, பொருளும் பொருந்துகிறது. அதற்காகக் கண்ட இடத்தில் எல்லாம் போடக் கூடாது. ஒரு முறை ‘ஜயன்ட்ஸ் டாங்க்’ என்பதை ‘இராட்சதத் தாங்கி’ என்று ஒரு பிள்ளை மொழிபெயர்த்திருந்தது. அது மன்னார்க் கட்டுக்கரைக்குளம். இடப்பெயரை அகராதியில் தேடுவதில்லை, அந்த ஊர்ச் சனத்திடம் கேட்பது.

குளம் எவ்வளவு பெரிது என்று ஆங்கிலத்தில் எழுத வந்தால் ‘ஏக்கர் அடி’ என்று எழுதும். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு ஏக்கர் அடி. உமது வீட்டில் இருப்பது 1000 லீற்றர்த் தாங்கி என்றால், அப்படி 1233 தாங்கித் தண்ணீர். இரணைமடு ஒரு இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல் கொள்ளும். மிச்சத்தை நீரே பெருக்கிப் பாரும்.

ஒத்த சொற்களையும் கேட்டு வைத்துக்கொள்ளும். பெரிய நீர்த்தேக்கத்துக்கு ‘ரிசர்வொயர்’. மாடு தண்ணீர் குடிக்கிற மோட்டைக்கு ‘பொண்ட்’. ‘சிஸ்டேர்ன்’ இப்போது பெரும்பாலும் மலசலகூடத்தில் தண்ணீர் அடிக்கிற பெட்டி. நந்திக்கடலுக்கு இவை எதுவும் பொருந்தாது. அது களப்பு, ஆங்கிலத்தில் ‘லகூன்’.

கேள்வி: எங்கள் கமக்காரர் அமைப்பு ஒரு உதவி நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதவேண்டும். துருசு, வான், கட்டு இவற்றுக்கு என்ன சொல் போடுவது? குளம் வான் பாய்கிறது என்பதை ‘ஓவர்ஃப்ளோ’ என்று எழுதலாமா?
— அமைப்புச் செயலாளர், மல்லாவி

ஐயா, துருசு ‘ஸ்லூஸ்’, வான் ‘ஸ்பில்’, குளக்கட்டு ‘பண்ட்’. வான் பாய்வதற்கு ‘ஓவர்ஃப்ளோ’ போடவேண்டாம், ‘ஸ்பில்லிங்’ என்று எழுதுங்கள். வான் பாய்வது என்றால் குளம் நிறைந்து, மிச்சத் தண்ணீர் அதற்கென்று விட்ட வழியால் வெளியேறுவது; அது நல்ல செய்தி. மண்கட்டுக்கு மேலால் தண்ணீர் ஏறிப் பாய்ந்தால் கட்டே போய்விடும். இரண்டும் ஒன்றல்ல. 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்த நேரம், கனடாவில் இருக்கும் என் அக்காவின் மகன் ஆங்கிலத்தில் ‘ஓவர்ஃப்ளோ’ என்று எங்கோ வாசித்துவிட்டு, “சித்தி, குளம் உடைச்சிட்டுதா?” என்று நடுச்சாமத்தில் அழுதுகொண்டு எடுத்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பல வருடத்துக்கு முன் எங்கள் கிராமத்திலிருந்து இப்படி ஒரு கடிதம் போனது. ‘எங்கள் டாங்க் உடைந்துவிட்டது’ என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து லொறியில் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகள் வந்து இறங்கின. கட்டு அப்படியே கிடந்தது, அந்த முறை சிறுபோகம் விதைக்கவில்லை. அதனால் முதல் வரியிலேயே ‘இரிகேஷன் டாங்க்’ என்று எழுதி, எத்தனை ஏக்கர் வயல் அதை நம்பியிருக்கிறது, கட்டில் எத்தனை அடி நீளத்துக்கு உடைந்திருக்கிறது என்று உடனே சேர்த்துவிடுங்கள். குளக்கட்டையும் வானையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

ஆங்கிலத்தில் எழுதக் கூச்சப்படவும் வேண்டாம். ‘பண்ட்’ பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ஆற்றை மறிக்கும் ‘அனிகட்’ நமது அணைக்கட்டேதான். நெல்லைக் குறிக்கும் ‘பாடி’ மலாய்ச் சொல். டாங்க் பற்றி மேலே சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தில் வரப்போகும் முக்கியமான சொற்களில் பாதி நம் பக்கத்து வயலிலிருந்து போனவை.

கேள்வி: கோடையில் தண்ணீர் கொண்டுவரும் ‘பவுசர்’ ஆங்கிலச் சொல்லா?
— குடும்பத் தலைவி, மாங்குளம்

ஆம். அமெரிக்காவில் 1885இல் எண்ணெய்ப் பம்பி செய்து விற்ற பவுசர் என்பவரின் பெயர் அது. அமெரிக்க ஆங்கிலத்தில் இந்த வண்டி ‘டாங்க் ட்ரக்’. இலங்கையில் பவுசர் என்றால்தான் சனத்துக்கு விளங்கும். தமிழிலும் அப்படியே எழுதுங்கள்.

கேள்வி: ‘திங்க் டாங்க்’ என்றால்?
— உயர்தர மாணவன், வவுனியா

சிந்தனைக் குழாம். கொள்கைகளை ஆராய்ந்து எழுதும் நிறுவனம். நூறு வருடத்துக்கு முன் ஆங்கிலப் பேச்சில் அது மனிதனின் தலையையே குறித்தது. ஒரு படம் ‘டாங்க்’ ஆகிவிட்டது என்று வாசித்தீரானால் அது ஓடவில்லை என்று பொருள். அந்தப் பாவனையைப் பரீட்சைக் கட்டுரையில் போடவேண்டாம்.