எட்டு யாருடைய எட்டு?

கேள்வி: எனக்கு எப்போதும் 8-ம் நம்பர்தான். மாமா மகன் கல்யாணத்துக்கு வாங்கிய லெதர் ஷூவும் 8தான், ஆனால் சுண்டுவிரல் பக்கம் கடிக்கிறது. கூடவே, கழற்றிய ஷூ வடிவம் கெடாமல் இருக்க உள்ளே வைக்கிற மரக்கட்டை, அதாவது ஷூ ட்ரீ, 42 என்று போட்டது வாங்கினேன். உள்ளே தள்ளினால் ஷூவின் பின்பக்கம் விறைத்து நிற்கிறது. 9 வாங்கியிருக்க வேண்டுமோ?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வேண்டாம் தம்பி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் 26 வருஷம் நின்றவன் சொல்கிறேன். ஷூ நம்பர் உங்கள் காலின் அளவு இல்லை, லாஸ்டின் அளவு. லாஸ்ட் என்றால் கால் வடிவ அச்சு. அதன் மேல்தான் தோலை இழுத்து ஒட்டுவோம். நம் கடைகளில் ஓடுவது இங்கிலாந்துக் கணக்கு. ஒரு நம்பருக்கு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. 8-ஐ 25-உடன் கூட்டி மூன்றால் வகுத்தால் 11 அங்குலம், அதாவது 28 சென்டிமீட்டர். ஐரோப்பாக்காரர் 42 என்பதும் அதே 28தான். உள்ளே போகிற கால் அதைவிட ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் குட்டையாக இருக்க வேண்டும். கூர்மூக்கு ஷூ என்றால் இன்னும் கொஞ்சம். இதில் அகலம் எங்கேயாவது வந்ததா? உங்களைக் கடிப்பது அதுதான்.

9 வாங்கினால் விரலுக்கு இடம் கிடைக்கும், குதிகால் கழன்று கழன்று வரும். அதே 8-ல் அகல மாடல் கேளுங்கள். தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகவே இளகாது. அளவு பார்ப்பதைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் வெயிலில் பகலெல்லாம் நின்ற கால் காலையில் பார்த்த கால் இல்லை. சாக்ஸோடு, குதிகாலைச் சுவரில் ஒட்டி, தாள்மேல் நின்று, பென்சிலை நேராகப் பிடித்துக் கோடு போடுங்கள். இரண்டு காலுக்கும் போட்டு, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் போட்டு நடக்கும்போது ஷூ மடிகிற இடமும் பெருவிரல் அடிமூட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கண்ணாடியில் பார்த்து ஒன்றும் தெரியாது.

இனி ட்ரீ. அதை நம்பரைப் பார்த்து வாங்கக் கூடாது, ஷூவைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்க வேண்டும். முன்கட்டை விரல் பக்கத்தை நிரப்பணும், பின்குமிழ் குதிகாலில் லேசாக உட்காரணும், அவ்வளவுதான். பின்பக்கம் விறைத்தால் பெரியது. எனக்கு வாய்த்த முதல் நல்ல ஷூவில் பெரிய ட்ரீயைத் தட்டித் தட்டி ஏற்றினேன், லாஸ்டிங்காரன் என்கிற திமிர்! ஒரே வாரத்தில் பின்வாய் பிளந்து, நடந்தால் டப்டப் என்று அடித்தது. அந்த ட்ரீ இப்போது எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டு.

ட்ரீ இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் சின்னதை எடுங்கள். வார்னிஷ் பூசாத மரம்தான் வியர்வையை இழுக்கும். ஷூவைக் கழற்றின சூட்டோடு போட்டு, ராத்திரி முழுக்க விடுங்கள். உங்கள் 42-ஐ இந்த வாரமே கடையில் கொடுத்து ஒரு சைஸ் குறைத்துக் கேளுங்கள். அதுவரை பழைய பேப்பரைக் கசக்கி விரல் பக்கம் மட்டும் வையுங்கள். அதையும் இறுக்கித் திணிக்காதீர்கள்.