இலவசமாக ஜெர்மனிக்கு அனுப்புகிறேன் என்கிறார்கள், நம்பலாமா?

உசிலம்பட்டிப் பக்கம் ஊர், மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன், ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க ஆசை, கன்சல்டன்சியில் எல்லாம் இலவசம் என்கிறார்கள், நம்பிப் போகலாமா, அம்மா வேறு ரொம்பப் பயப்படுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரையிலிருந்து 2023 அக்டோபரில் ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரத்துக்குப் படிக்கப் போனவன், அதே மெக்கானிக்கல்தான். பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த இலவசம். பைபாஸ் ரோட்டில் ஒரு ஏசி அலுவலகத்தில் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். ஒரு பைசா வேண்டாம், சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள், விசா வரை எங்கள் பொறுப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவர். ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். தட்டிலிருந்து கையை எடுக்காமலே, "உன்கிட்ட காசு வாங்கலேன்னா அவனுக்கு யாருடா கமிஷன் குடுக்குறா?" என்றார். மறுநாள் போய் அதையே கேட்டேன், மழுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அவர்கள் எழுதிக் கொடுத்த மூன்று பெயரையும் தேடிப் பார்த்தால் மூன்றும் தனியார், வருடக் கட்டணம் பத்து லட்சத்துக்கு மேல். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை.

அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை கட்டினால் போதும். விலக்கு உண்டு: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்க ஆரம்பித்துவிட்டது. டி.ஏ.ஏ.டி. என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில் உட்கார்ந்து தேடினால் ஆங்கிலவழிப் படிப்புகள் எல்லாம் கட்டணத்தோடு வந்துவிடும். நான் ஒரு வாரம் அதில்தான் கிடந்தேன். பல பல்கலைக்கழகங்களுக்கான வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பிக்க முதல் இடத்துக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. அவ்வளவுதான் செலவு. எல்லாக் கன்சல்டன்சியும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை, ஆனால் உங்கள் பெயரில் போகிற மெயிலின் பாஸ்வேர்டு அடுத்தவனிடம் இருக்கிற எந்த ஏற்பாட்டுக்கும் தலையாட்டாதீர்கள். நீங்கள் எழுதாத கடிதத்தைப் பற்றி விசா அதிகாரி கேள்வி கேட்டால் முழிக்கப் போவது நீங்கள்தான்.

அப்புறம் பெயர். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நமக்குத்தான் சர்நேம் கிடையாதே. எனக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், டிகிரியில் பின்னால், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் சர்நேமாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு பத்திரம் எழுதி வாங்கி, அதன் நகலை எல்லா இடத்திலும் சேர்த்துக் கொடுத்தேன். உங்கள் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் பாஸ்போர்ட் அலுவலகத்தில் திருத்திக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பாங்க், இன்சூரன்ஸ் எல்லாப் படிவத்திலும் இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். தபால்பெட்டியிலும் காலிங்பெல்லிலும் சர்நேம் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். படித்த காலம் முழுக்க என் வாசலில் இருந்தது அப்பா பெயர்தான். வீடியோ காலில் அதைக் காட்டியபோது மனிதர் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஏ.பி.எஸ். சான்றிதழ் தெரியும்தானே? 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு இது இல்லாமல் ஜெர்மன் மாணவர் விசா கிடையாது. உங்கள் சான்றிதழ்கள் உண்மையா என்று டெல்லியில் சரிபார்த்துத் தருவார்கள். நாளாகும், இடம் கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். விசா வேலைக்குச் சென்னைதான். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர், வேலையை முடித்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம்.

பணம். கட்டணம் இல்லை என்றாலும் அங்கே ஒரு வருடம் வாழ ஆகிற செலவை பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் கொஞ்சம் மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். நான் போனபோது 11,208 யூரோ, 2024 செப்டம்பரிலிருந்து 11,904. அதை மாதம் 992 யூரோவாகப் பிரித்துத் தருவார்கள். இன்சூரன்ஸ் மாதம் 140 யூரோ போல போய்விடும், மீதியில் வாடகை. கல்விக்கடன் வாங்கினால், படிக்கிற காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதை அப்பாவுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் முதல் செமஸ்டரில் வேலை கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டுக் கிளம்பியவர்கள் பட்ட பாட்டை நான் பக்கத்து அறையில் பார்த்தேன்.

இனி படிப்பு. என்னிடம் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். இங்கே அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம், அதற்கும் அடுத்ததில் எழுதிக்கொள்ளலாம். அங்கே பொதுவாக ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது தடவையும் போனால் பல்கலைக்கழகத்தை விட்டே வெளியேற்றிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு இடத்தில் தொடர்வதும் கஷ்டமாகிவிடும். படிப்பு போனால் விசாவும் ஆட்டம் காணும். வகுப்புக்கு வரச் சொல்லி யாரும் விரட்ட மாட்டார்கள், இன்டர்னல் மார்க் போட்டுத் தேற்றிவிட ஆள் கிடையாது, பல பாடங்களில் கடைசியில் ஒரே தேர்வு. நான் முதல் செமஸ்டரில் ஒன்றில் போனேன், இரண்டாவது தடவை எழுதப் போகும்போது கை நடுங்கியது. அதனால் பல்கலைக்கழகத்தின் ரேங்க்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒவ்வொரு படிப்புக்கும் பாடத்திட்டக் கையேடு அவர்கள் தளத்திலேயே கிடைக்கும், அதை இறக்கி வரி வரியாகப் படியுங்கள். இந்தப் பாடங்களை இரண்டு வருடம் உட்கார்ந்து படிக்க எனக்கு ஆசை இருக்கிறதா என்று பாருங்கள். நண்பன் சேர்ந்தான் என்று டேட்டா சயின்ஸ் பக்கம் போன மெக்கானிக்கல்காரர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஜெர்மன் மொழியைப் பற்றி ஒன்றே ஒன்று: ஏ1, ஏ2, பி1 என்று போகிற படிநிலையில் பி1 முடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஆங்கிலவழிப் படிப்புதானே என்று ஏ1-ஓடு போனேன், தொழிற்சாலையில் தீசிஸ் செய்ய இடம் கேட்ட இடத்திலெல்லாம் அதில்தான் அடிபட்டேன். படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். மொழி தெரியாவிட்டால் அதில் பாதி ஜெர்மன் கோர்ஸிலேயே போய்விடும்.

பாதுகாப்பு என்றதும் வீட்டில் எல்லோரும் ராத்திரி ரோட்டில் நடப்பதைத்தான் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவர்களுக்கு நடந்த மோசம் எல்லாம் இங்கிருந்து கிளம்பும் முன்பே, போனில் நடந்தது. அறை எடுத்துத் தருகிறேன், நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்பான் ஒருவன். சிவகாசிப் பையன் ஒருவன் 800 யூரோ அனுப்பினான். அவன் போய் இறங்கியபோது அந்த முகவரியில் வீடு இருந்தது, அதில் ஒரு பாட்டி நாற்பது வருடமாகக் குடியிருந்தார். மாணவர் விடுதிக்கு அட்மிஷன் கடிதம் வந்த அன்றைக்கே விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் பத்து நாள் பயணிகள் தங்குகிற மலிவான ஹாஸ்டலில் தங்கி நேரில் பார்த்துத் தேடலாம், அது தண்டச் செலவு இல்லை. தூதரகத்திலிருந்து பேசுகிறேன், விசாவில் சிக்கல், உடனே பணம் போடு என்று போன் வந்தால் கட் பண்ணிவிட்டு, நீங்களே தூதரகத் தளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். நம்பர் அசலைப் போலவே திரையில் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு நான் செய்தது: ஒரு தாளில் என் முகவரி, அறைத்தோழன் நம்பர், பெர்லின் இந்தியத் தூதரக நம்பர் எழுதி பீரோ கதவில் ஒட்டினேன். அங்கே ஆம்புலன்ஸுக்கு 112, போலீஸுக்கு 110 என்றும் சேர்த்து எழுதினேன். மதுரையிலிருந்து அம்மா அதை வைத்து என்ன செய்வார் என்று தங்கச்சி சிரித்தாள், ஆனால் அந்தத் தாள் இருப்பது அம்மாவுக்கு ஒரு தெம்பு. ஞாயிறுதோறும் நம்மூர் நேரம் ஏழரைக்கு போன் என்று பேசிவைத்தோம். அக்டோபர் கடைசி ஞாயிறு, வழக்கம்போல அங்கே மாலை நான்கு மணிக்குத்தான் கூப்பிட்டேன், அம்மா அழுதுகொண்டே எடுத்தார். அன்றைக்கு ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், மதுரையில் எட்டரை ஆகிவிட்டது, அதற்குள் பெரியப்பா வீடு வரை தகவல் போயிருந்தது. இதை மட்டும் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள்.