குவாரியும் சட்டமன்றமும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பகுதியில் புளி வியாபாரத்தில் தொடங்கிக் கல் குவாரி வரை வளர்ந்து, எண்பதுகளில் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்து மறைந்த ஒருவரின் நூற்றாண்டு மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. தொழில் ஒரு பகுதியாகவும் பொதுவாழ்வு இன்னொரு பகுதியாகவும் இருக்கட்டும் என்கிறார்கள் குடும்பத்தார். அது சரியாக வருமா?

வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

வராது. அப்படிப் பிரித்தால் முதல் பகுதி உழைத்து உயர்ந்த கதையாகவும், அடுத்தது பாலங்கள், பள்ளிக்கூடங்களின் பட்டியலாகவும் முடியும். சட்டமன்றத்தில் இருந்த ஆண்டுகளில் அவருடைய தொழில் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு இரண்டிலும் இடமிருக்காது.

அவர் விஷயத்தில் கல்தான் முக்கியம். கறுப்பு கிரானைட்டைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதில்லை என்று 1977 டிசம்பரில் தமிழக அரசு சிறுகனிம விதிகளில் 8-சி என்ற விதியைச் சேர்த்தது. மறு ஆண்டே தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் தொடங்கப்பட்டது. அந்த விதி செல்லும் என்று 1981இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, எண்பதுகளில் அவர் வெட்டியது எந்தக் கல், பட்டா நிலத்திலா புறம்போக்கிலா, குத்தகை 1977க்கு முந்தியதா பிந்தியதா என்பதையெல்லாம் விசாரிக்காமல் ‘குவாரி அதிபர்’ என்று ஒரு வரியில் கடந்துவிட முடியாது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான் என்பதால், பழைய கோப்புகளுக்காகத் தருமபுரிக்கும் நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.

சட்டப்படி அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று குடும்பத்தார் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம், ஏனென்றால் இங்கே சட்டம் தடுப்பது மிகக் குறைவு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு, அரசுக்குப் பொருள் வழங்கவோ அரசு மேற்கொண்ட வேலையைச் செய்துதரவோ நடப்பில் ஒப்பந்தம் வைத்திருப்பவரைத்தான் தகுதியிழக்கச் செய்கிறது. அவர் தம் பங்கை முடித்துவிட்டால், அரசிடமிருந்து பணம் வராதிருந்தாலும் அந்த ஒப்பந்தம் நடப்பில் உள்ளதாகக் கொள்ளப்படாது. சுரங்கக் குத்தகை இந்தப் பிரிவுக்குள் வராது என்று ஹரியாணாவைச் சேர்ந்த கர்த்தார் சிங் பதானா வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தகுதியிழப்பு இல்லை என்பதோடு நீதிமன்றத்தின் வேலை முடிகிறது. வரலாறு எழுதுபவரின் வேலை அங்கே முடிவதில்லை.

வேட்பாளரின் சொத்துப் பிரமாணப் பத்திரம் 2002, 2003ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின் வந்த ஏற்பாடு. அது உங்களுக்கு உதவாது. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் கனிமம், விற்பனை வரி, சாலை பற்றி அவர் எழுப்பிய கேள்விகளையும் வாய் திறக்காமல் இருந்த விவாதங்களையும் ஆண்டுவாரியாக எடுத்து, அதே ஆண்டின் தொழில் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசியலில் இறங்கித் தொழிலைத் தொலைத்தவர்களும் உண்டு; அவர் அந்த வகையாக இருந்தால், குடும்பத்தார் விரும்பும் பிரிவினை அந்த இழப்பையும் சேர்த்தே மறைத்துவிடும். இதை அவர்களிடம் சொல்லிப் பேரேடுகளைக் கேளுங்கள். தர மறுத்தால், எந்தெந்த ஆண்டுகளின் கணக்கு பார்க்கக் கிடைக்கவில்லை என்பதை முன்னுரையில் எழுதிவிடுங்கள்.