பிரான்ஸ் கிராமப்புறத்தில் கார் தொல்லை இல்லாமல் ரோடு சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம்?

மெல்லிய டயரோடு ஓட்ட இடம் கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் தெற்கு பர்கண்டிக்குப் போங்கள். ழிவ்ரியிலிருந்து க்ளூனி வரை சுமார் 44 கி.மீ. கார் வராத சைக்கிள் பாதை, 1997-இல் திறந்தது. கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேல் தார் போட்டிருக்கிறார்கள். ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் ஏற்றங்கள் மிக மிதமானவை. குழந்தைகளோடும் தாராளமாகப் போகலாம். இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள், வழியில் கோர்மதான் கோட்டை. க்ளூனியில் பழைய மடாலயத்தைப் பார்க்காமல் கிளம்பிவிடாதீர்கள்.

அப்புறம் மாக்கோன் பக்கம் தொடர்ந்தால் 1.6 கி.மீ. நீள புவா க்ளேர் சுரங்கம் வரும். உள்ளே நல்ல குளிர், மேல்சட்டை அவசியம். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள். அப்போது குன்றேறித்தான் கடக்க வேண்டும். குறுக்குச் சாலைகள் வரும் இடங்களில் மட்டும் நின்று பாருங்கள்.