மலக்குடல் புற்றுநோய்: எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டில எதைப் பார்க்கிறது? – கேள்வி பதில்

வெள்ளவத்தை: டொக்டர், அப்பாவின்ர ரிப்போர்ட்டில டி3 எண்டு கிடக்கு. முத்திப்போச்சோ?

பதில்: டி எண்டது கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கு எண்ட குறி. டி3 எண்ட எழுத்து மட்டும் பெரிசா ஒண்டும் சொல்லாது, தங்கச்சி. கட்டி தசைச்சுவரைத் தாண்டி எத்தனை மி.மீ. வெளிய போயிருக்கு எண்டு பாருங்கோ. 5 மி.மீ.க்குள்ள நிண்டால் அதின்ர போக்கு ஏறக்குறைய டி2 (தசைச்சுவருக்குள்ளேயே நிக்கிற கட்டி) மாதிரித்தான். 5ஐத் தாண்டினால் கதை வேற.

அதைவிடப் பெரிசு, மலக்குடலைச் சுத்தின கொழுப்பின்ர உறைக்கும் கட்டிக்கும் இடையில உள்ள தூரம். 1 மி.மீ. அல்லது குறைவெண்டால் வெட்டுவிளிம்பு (சத்திரசிகிச்சையில வெட்டி எடுக்கிற ஓரம்) ஆபத்தில. மலக்குடல் எம்.ஆர்.ஐயைப் பற்றின மேர்க்குரி ஆய்வின்ர 2014 முடிவில, எம்.ஆர்.ஐயில விளிம்பு சுத்தமா இருந்த ஆக்களில 62.2 வீதம் பேர் 5 வருசம் தாண்டினவை, மற்றவையில 42.2 வீதம்.

அடுத்தது ஈ.எம்.வி.ஐ: சுவருக்கு வெளிய உள்ள நாளத்துக்குள்ள கட்டி புகுந்திருக்கோ எண்டது. கறுப்பாத் தெரிய வேண்டிய நாளம் வீங்கி, கட்டியின்ர சாம்பல் நிறத்தில நிரம்பிக் கிடக்கும். இருந்தால் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவுற சாத்தியம் கூட. இதைப் பற்றி ரிப்போர்ட்டில ஒரு வரியும் இல்லையெண்டால் கேட்டு எழுதுவியுங்கோ.

கொட்டாஞ்சேனை: கொன்ட்ராஸ்ட் ஊசி போடேல்ல. திருப்பி எடுக்கவோ?

பதில்: வேண்டாம், இதுக்கு ஊசி தேவையில்லை. டி2 படங்கள் (இது எம்.ஆர்.ஐ படத்தின்ர ஒரு வகை, கட்டியின்ர டி2 இல்லை) 3 மி.மீ. தடிப்புக்கு மேல போகாமல், கட்டி உள்ள இடத்தில குடலுக்குச் செங்குத்தா எடுத்ததோ எண்டு பாருங்கோ. கோணம் சரிஞ்சால் சுவரின்ர கோடு மங்கி, டி2 கட்டி டி3 ஆயிடும். அதாலதான் கிளினிக்குக்கு ரிப்போர்ட்டோட டிஸ்க்கையும் கொண்டுபோகச் சொல்லுறது.

தெஹிவளை: நிணநீர்க்கணு 6 மி.மீ. பரவிட்டுதோ?

பதில்: அளவை மட்டும் வைச்சுச் சொல்லேலாது. 9 மி.மீ. அல்லது மேல எண்டால் சந்தேகம். 5–8 எண்டால் உருண்டை வடிவம், ஒழுங்கில்லாத விளிம்பு, கலவை நிறம் எண்ட மூண்டில ரெண்டாவது வேணும். 5க்குக் கீழ மூண்டும் வேணும்.

கதிரியக்கப் பயிற்சி மருத்துவர்: சேர், இந்த விதியோடயும் கணுவில பிழை வருதே. பிறகென்னத்துக்கு எழுதுறம்?

பதில்: எழுதுங்கோ, ஆனா அதில தொங்காதேங்கோ. விளிம்பும் நாளமும் அதைவிட உறுதியாப் பேசும்.

பயிற்சி மருத்துவர்: அப்ப இடுப்புப் பக்கக் கணுவுக்கு மட்டும் 7 மி.மீ. எண்டு அளவை ஏன் நம்புறம்?

பதில்: நல்ல கேள்வி. உறைக்குள்ள இருக்கிற கணு சத்திரசிகிச்சையில கட்டியோட சேர்ந்தே வெளிய வந்திடும். பக்கக் கணு உறைக்கு வெளிய இருக்கிறதால உள்ளேயே தங்கும். 2019இல வந்த பன்னாட்டு ஆய்வில, மலவாசலுக்குக் கிட்ட உள்ள தாழ்ந்த கட்டிகளில 7 மி.மீ. அல்லது பெரிய பக்கக் கணு இருந்து, கதிரும் வழமையான சத்திரசிகிச்சையும் மட்டும் செய்த இடத்தில 5 வருசத்துக்குள்ள 19.5 வீதம் அந்தப் பக்கத்தில திரும்பி வந்தது. பக்கக் கணுவையும் எடுத்த இடத்தில 5.7.

பயிற்சி மருத்துவர்: அப்ப அளவு பேசுதுதானே!

பதில்: அங்க பேசுது. எல்லா இடத்திலயும் பேசுதெண்டு நான் சொல்லேல்ல.

வத்தளை: டி4 எண்டால் நாலாம் கட்டமோ?

பதில்: இல்லை. டி எண்டது கட்டியின்ர ஆழம். வேற உறுப்புக்குப் பரவினதைச் சொல்ல நெஞ்சு, வயிறு சி.டி. ஸ்கான் வேணும்.

பம்பலப்பிட்டி: கணு 4 மி.மீ...

பதில்: தெஹிவளைக்குச் சொன்னதை வாசியுங்கோ.

கிருலப்பனை: ரேடியேசன் முடிஞ்சு ரெண்டு கிழமை. இப்ப ஸ்கான் எடுக்கலாமோ?

பதில்: பொறுங்கோ, 6–8 கிழமையாவது போகட்டும். இப்ப எடுத்தால் வீக்கத்தையும் கட்டியையும் பிரிக்கேலாது. தழும்பு கறுப்பாவும் மிஞ்சின கட்டி சாம்பலாவும் தெரியும். டிஃப்யூஷன் படத்தையும் (திசுவில தண்ணி அசையுறதைக் காட்டுற எம்.ஆர்.ஐ படம்) சேர்த்துப் பார்ப்பினம். குடலில காத்து நிண்டால் அந்தப் படம் கெட்டுப்போகும். முதலே சின்ன எனிமா தருவினமோ எண்டு ஸ்கான் எடுக்கிற இடத்தில கேளுங்கோ. முதல் ஸ்கானின்ர டிஸ்க்கையும் மறவாதேங்கோ, ஒப்பிட அதுதான் வேணும்.