நீச்சல் குளத்துக்குள் உடை நனையாமல் மனிதர்கள் நடமாடுவது எப்படி?

மேலிருந்து பார்த்தால், நீருக்கடியில் மனிதர்கள் உடையோடு நடமாடுவதுபோல் தெரியும் குளம் ஒன்று உண்டு. அது, ஜப்பானின் கனசாவா நகரில் உள்ள 21ஆம் நூற்றாண்டு தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் 2004 முதல் நிரந்தரமாக இருக்கும், அர்ஜென்டினாக் கலைஞர் லியாண்ட்ரோ எர்லிச்சின் 'நீச்சல் குளம்' என்னும் நிறுவல் கலைப்படைப்பு. உண்மையில் அது குளமே அன்று. வெளிர்நீலச் சுவர்கள் கொண்ட வெற்று அறை. அதன் கூரையாக அமைந்த கண்ணாடியின் மேல் சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டுமே நீர் நிற்கிறது. பார்வையாளர்கள் வேறு வழியாகக் கீழே இறங்கி அந்த அறைக்குள் செல்கிறார்கள்.

இவ்வளவு குறைந்த நீர் எப்படி ஏமாற்றுகிறது? அலையும் நீர்ப்பரப்பு ஒளியைக் கணத்துக்குக் கணம் வெவ்வேறு கோணங்களில் விலகச் செய்வதால், கீழே நிற்பவர்களின் உருவம் நெளிகிறது. குளக்கரையையும் இறங்கும் ஏணியையும் ஏற்கெனவே கண்டுவிட்ட மூளையோ, அந்த நெளிவுக்குக் காரணம் ஆழமான நீர்தான் என்று முடிவுகட்டிவிடுகிறது. எர்லிச்சின் மற்றொரு படைப்பில் கட்டடத்தின் முகப்பு தரையில் கிடக்க, 45 பாகை சாய்ந்த, முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பெரிய ஆடி அதை நிமிர்த்திக் காட்டுகிறது. அதில் படுத்திருப்பவர்கள் சுவரில் தொங்குவதுபோல் தெரிவார்கள். ஆனால் குளத்தில்தான், என் பார்வையில், கூடுதல் நுட்பம் இருக்கிறது: மேலே நின்று ஏமாந்தவரே சற்று நேரத்தில் கீழே சென்று பிறரை ஏமாற்றும் காட்சியின் பகுதியாகிவிடுகிறார். மாயம் எப்படி நிகழ்கிறது என்பதைக் கலைஞர் மறைப்பதே இல்லை.