பாவ்லவ் வீடும் தங்க நட்சத்திரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் சோவியத் படைக்கும் ஜெர்மானியருக்கும் நடந்த ஸ்டாலின்கிராட் போரில் புகழ்பெற்ற 'பாவ்லவ் வீடு' சார்ஜென்ட் பாவ்லவின் சொந்த வீடா?

பதில்: இல்லை. ஜனவரி 9 சதுக்கத்தை ஒட்டி, வால்கா ஆற்றங்கரைக்கு வெகு அருகில் நின்ற நான்கு தளக் குடியிருப்பு அது. 1942 செப்டம்பர் 27 இரவு, சோவியத் காலாட்படையின் 13-ஆவது கார்டு ரைபிள் டிவிஷனைச் சேர்ந்த யாக்கவ் பாவ்லவ், அங்கே எதிரி இருக்கிறானா என்று வேவு பார்த்து வர மூன்று வீரர்களுடன் அனுப்பப்பட்டார். நால்வரும் வீட்டைக் கைப்பற்றினர். நிலவறையில் ஒடுங்கிக் கிடந்த பொதுமக்களையும் கண்டனர். வேவு பார்க்கப் போனவர்கள் திரும்பி வராமல் அங்கேயே நிலைகொண்டதால், அந்த வீட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

கேள்வி: நான்கு பேரால் 58 நாட்கள் எப்படித் தாக்குப்பிடிக்க முடிந்தது?

பதில்: நான்கு பேர் மட்டும் தாக்குப்பிடிக்கவில்லை, இதைத் தெளிவுபடுத்துவது அவசியம். சில நாட்களில் லெப்டினன்ட் இவான் அஃபனாஸியேவ் தலைமையில் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவும், சிறு பீரங்கிகளுடனும் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளுடனும் வேறு சிலரும் வந்து சேர்ந்தனர். ரஷ்யர், உக்ரைனியர், ஜார்ஜியர், உஸ்பெக்கியர், கசாக்கியர், தாஜிக்கியர், தாத்தாரியர் எனப் பல இனத்தவராக, ஏறக்குறைய இரண்டு டஜன் பேர் அதைக் காத்தனர். சதுக்கத்தில் கண்ணிவெடிகளைப் புதைத்தார்கள். சுவர்களில் துளையிட்டுச் சுடும் இடங்களை அமைத்தார்கள். பின்புறம் இருந்த மாவு ஆலை வரை பதுங்குகுழி வெட்டி, அதன் வழியே உணவும் குண்டுகளும் கொண்டுவந்தார்கள். வீட்டின் ஒரு பக்கச் சுவர் இடிந்து விழுந்த பிறகும் அவர்கள் அகலவில்லை. நவம்பர் இறுதியில் சோவியத் படை எதிர்த்தாக்குதலில் இறங்கியபோது அவர்களும் சதுக்கத்தைக் கடந்து முன்னேறினர். அந்தத் தாக்குதலில்தான் பாவ்லவ் காலில் காயமடைந்தார்.

கேள்வி: பாவ்லவ் பெற்ற பதக்கம் எது? உடனே வழங்கப்பட்டதா?

பதில்: 'சோவியத் யூனியனின் வீரர்' என்பது 1934-இல் நிறுவப்பட்ட பட்டம், அதன் அடையாளமாக ஐந்து முனைகள் கொண்ட 'தங்க நட்சத்திர' பதக்கம் 1939-இல் சேர்க்கப்பட்டது. பட்டம் பெறுபவருக்கு லெனின் விருதும் சேர்த்தே அளிக்கப்படும். பாவ்லவுக்கு இது 1945 ஜூன் 27-இல்தான் கிடைத்தது. அவருடைய நட்சத்திரத்தின் எண் 6775. ஐரோப்பாவில் போர் முடிந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. அதற்குள் அவர் மற்றப் போர்முனைகளிலும் போரிட்டு, இரண்டு செந்நட்சத்திர விருதுகளைப் பெற்றிருந்தார்.

கேள்வி: அஃபனாஸியேவுக்கும் அதே பட்டம் கிடைத்ததா?

பதில்: கிடைக்கவில்லை. வீட்டின் காவலுக்குப் பெரும்பகுதி நாட்கள் தலைமை தாங்கியவர் அவரே என்பதால், இது எனக்கு இன்றும் மனத்தை உறுத்தும் செய்தி. பாவ்லவின் துணிவை இது குறைக்காது. முதல் இரவில் நால்வராக உள்ளே நுழைந்தது யாருக்கும் எளிதல்ல. ஆனால், ஒரு கூட்டத்தின் வீரம் ஒரே மார்பில் சூட்டப்பட்டபோது மற்றவர்களின் பெயர்கள் மங்கிப்போயின என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

கேள்வி: பாவ்லவ் பின்னாளில் துறவியானார் என்று படித்தேனே?

பதில்: அது பெயர்க் குழப்பம். ஸ்டாலின்கிராடில் போரிட்டுப் பின்னர் துறவியாகி, கிரில் என்ற பெயருடன் வாழ்ந்தவர் இவான் பாவ்லவ் என்ற வேறொருவர். யாக்கவ் பாவ்லவ் ரஷ்யக் குடியரசின் சட்டமன்றமான உச்ச சோவியத்துக்கு மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டு, 1981-இல் காலமானார்.

கேள்வி: சோவியத் விருது பெற்ற தமிழ்நாட்டவர் உண்டா?

பதில்: உண்டு. ஈரான் வழியாகச் சோவியத் படைகளுக்குப் பொருட்கள் அனுப்பும் பணியில் இருந்த இந்தியப் படையின் சுபேதார் நாராயண ராவ் நிக்கம், செந்நட்சத்திர விருது பெற்றவர். அவருடன் விருது பெற்ற ஹவில்தார் கஜேந்திர சிங் சந்த், இன்றைய உத்தராகண்டைச் சேர்ந்தவர்.

கேள்வி: அந்த வீடு இன்றும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஸ்டாலின்கிராடில் போர் ஓய்ந்த சில மாதங்களிலேயே, 1943 ஜூனில், அலெக்சாந்திரா செர்க்காசவா என்ற பெண்மணி தம்முடன் வேறு பெண்களையும் சேர்த்துக்கொண்டு, ஊதியமின்றி அதைச் சீரமைக்கத் தொடங்கினார். இன்று அதில் மக்கள் குடியிருக்கிறார்கள். பக்கவாட்டில் செங்கல்லால் ஒரு நினைவுச் சுவர் எழுப்பப்பட்டிருக்கிறது.